ஓடாத டிவிடியைக் காகத்துக்குக் கட்டாதீர்கள்

விசுவமட்டில் ஒரு கச்சான் தோட்டம். விதை ஊன்றி ஒன்றரை மாதம் இருக்கும். காகமும் மயிலும் கிண்டாமல் இருக்கச் சுற்றிவரத் தடி நட்டு, நைலோன் கயிறு இழுத்து, பழைய சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வன்னியில் இது எல்லாத் தோட்டத்திலும் காணக்கூடியதுதான். நான் அந்த வீட்டுக்கு ரிவி திருத்தப் போனவன். மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிற்பாட்டியபோது காற்றுக்கு ஒரு தட்டு திரும்பியது. அதன் முகத்தில் நீல மையில், ஆறுதலாக எழுதிய கையெழுத்தில், ‘கலியாணம் 2003’ என்று இருந்தது.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருடைய அக்காவின் கலியாணம். கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அனுப்பியது. “அது ஓடேல்லைத் தம்பி. எங்கட பிளேயரிலை போட்டுப் பாத்தம், பக்கத்து வீட்டிலை பாத்தம், சந்திக் கடையிலையும் குடுத்துப் பாத்தம். ஒண்டிலையும் ஓடேல்லை. சும்மா கிடக்கிறதை என்ன செய்யிறது எண்டு கட்டியாச்சு.” அந்த அக்கா 2009இல் இல்லாமற் போனவர். அவருடைய படம் ஒன்றுகூட வீட்டுச் சுவரில் இல்லை.

கயிற்றை அவிழ்த்து, தட்டைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்தேன். மூன்று நாள், மூன்று வெவ்வேறு டிரைவில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடையில் விற்கிற சினிமாப் படத் தட்டு அச்சில் வார்த்தது. அதில் தகவல் சின்னச் சின்னப் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். வீட்டில் எழுதுகிற டிவிடி அப்படியல்ல. அதற்குள் ஒரு சாயப் படை இருக்கிறது. எழுதும் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுப் பதிகிறது. வன்னி வெய்யில் அதே சாயத்தை ஒரேயடியாக வெளுக்க வைத்துவிடும். கயிற்றில் தொங்கிய ஒன்றரை மாதம் போதுமாக இருந்தது.

கட்டுவதற்கு முந்தின நாள் அந்தத் தட்டில் பழுது எதுவும் இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். அது ஓடாததற்குக் காரணம் வேறு. அந்தக் காரணம் தெரிந்திருந்தால் அரை மணித்தியால வேலை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதனால்தான். எங்கள் ஊரில் “ஓடேல்லை” என்ற ஒரு சொல்லோடு எத்தனை கலியாணம், எத்தனை சாமத்திய வீடு, எத்தனை பிள்ளைகளின் முகம் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

நான் உருத்திரபுரத்தில் பிறந்தவன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்னில் அப்பாவுக்குச் செய்தி கேட்கக் கொடுப்பது என் வேலை. வேகம் குறைந்தால் குரல் இழுபடும். இந்தத் தொழிலில் எனக்கு ஆசை வந்தது அந்தப் பெடலிலிருந்துதான். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போனோம். அங்கே ஒரு வானொலி திருத்தும் கடையில் எடுபிடியாக நின்று வேலை பழகினேன். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து சீடி, டிவிடி பிளேயர்கள் லொறி லொறியாக வந்தன. பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை; ஜெனரேற்றரில் ஓடின. அந்த நாலு வருடத்தில்தான் வன்னியில் கலியாணம் என்றால் வீடியோ என்று ஆனது. கசெற்றில் இரண்டு கொப்பி எடுப்பார்கள். ஒன்று வீட்டுக்கு. மற்றது கனடாவுக்கோ, லண்டனுக்கோ, சுவிஸுக்கோ, வர முடியாமற் போன அண்ணனுக்கு.

2006 ஆகஸ்டில் ஏ-9 பாதையின் முகமாலைச் சோதனைச் சாவடி மூடப்பட்டது. பிறகு நடந்த போர் எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடிய ஓட்டத்தில் முதலில் கதிரை மேசை போனது, பிறகு உடுப்பு, கடைசியாக அல்பமும் கசெற்றும். சிலர் பங்கருக்குள் விட்டார்கள். சிலர் பொலித்தீனில் சுற்றித் தாட்டார்கள். தாட்ட இடம் இப்போது யாருடைய காணி என்றும் தெரியாது. ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகும்போது கையில் இருந்தால் என்ன கேள்வி வருமோ என்று தாங்களே நெருப்பு வைத்தவர்களும் உண்டு. ஆகவே வன்னியில் வீட்டுக் கொப்பி இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய கொப்பிதான் மிச்சம். அந்தக் கொப்பி டிவிடியாகி, யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் இருந்து, பிறந்த ஊருக்குத் திரும்பி வருகிறது. வந்து, பிளேயரில் ஓடாமல் நிற்கிறது.

ஏன் ஓடுவதில்லை? “கனடா டிவிடி இஞ்சை ஓடாது, றீஜன் வேற” என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். உலகத்தை ஆறு வலயமாகப் பிரித்து, கனடாவும் அமெரிக்காவும் ஒன்று, ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு, எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஐந்து என்று எண் கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டு படக் கம்பனிகள் தங்கள் வியாபாரத்துக்காகப் போட்டது. வீட்டில் எழுதிய கலியாண டிவிடிக்கு வலயம் கிடையாது. அதைச் சொல்லி ஒரு தாயைத் திருப்பி அனுப்புகிறவர் தட்டைச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது, கனடாவில் 60 தடவை. தொலைக்காட்சி பிறந்த காலத்தில் படத்தின் வேகத்தை அந்த அலையோடு இணைத்துவிட்டார்கள். அதனால் இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் ‘பால்’ முறை: ஒரு படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 25 படம். கனடா, அமெரிக்கா, ஜப்பானில் ‘என்ரிஎஸ்சி’ முறை: 525 வரி, விநாடிக்கு ஏறத்தாழ 30 படம். ஸ்காபுரோவில் ஒருவர் கசெற்றை டிவிடியாக மாற்றக் கொடுத்தால் அந்தக் கடை தன் ஊர் முறையில்தான் எழுதிக் கொடுக்கும். அது இங்கே பழைய பெட்டி ரிவியில் ஏறும்போது படம் கறுப்பு வெள்ளையாக வரும். அல்லது மேலும் கீழுமாக உருளும். சத்தம் மட்டும் கணீரென்று கேட்கும். நாதஸ்வரம் கேட்கிறது, ஐயர் மந்திரம் சொல்வது கேட்கிறது, படம் மட்டும் உருளுகிறது என்றால் தட்டில் பிழையில்லை. தட்டை வெளியே எடுத்துவிட்டு, றிமோட்டில் ‘செற்றப்’ அமத்தி, ரிவி ரைப் என்ற இடத்தில் ‘பால்’ என்று மாற்றுங்கள். தட்டு உள்ளே இருக்கும்போது பல பிளேயர்களில் அந்த இடம் திறக்காது. அதனால்தான் “மாத்திப் பாத்தனாங்கள், மாறேல்லை” என்கிறார்கள். சில சீன றிமோட்டுகளில் ‘என்/பி’ என்று தனிப் பொத்தானே இருக்கும். அதை அமத்தினாலே போதும்.

இந்த விடயத்தில் மலிவான சீனப் பிளேயர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெயர் பெற்ற கம்பனிப் பிளேயர்கள் சட்டம் பேசித் தட்டை வெளியே துப்பும். சீனப் பெட்டி எது கொடுத்தாலும் வாசிக்கப் பார்க்கும். மாறாக, கனடாவிலிருந்தே பிளேயரையும் கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதன் பின்பக்கம் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். ‘100-240’ என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ற் மட்டும் என்றால், எங்கள் 230 வோல்ற்றில் குத்திய அந்தக் கணமே கருகும்.

ஆனாலும் என் மேசைக்கு வருகிற தட்டுகளில் அதிகம் மனம் நோக வைப்பது இன்னொரு வகை. 2000களின் நடுவில் வெளிநாட்டு வீடுகளில் டிவிடி றெக்கோடர் என்று ஒரு மெஷின் வந்தது. கசெற்றை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் டிவிடியில் பதியும். பதிந்து முடிந்த பிறகு ‘பைனலைஸ்’ என்று ஒரு வேலை செய்ய வேண்டும். அதைச் செய்தால்தான் தட்டின் தொடக்கத்தில், எங்கே என்ன இருக்கிறது என்ற பதிவேடு எழுதப்படும். செய்யாமல் விட்டால் முழுக் கலியாணமும் தட்டில் இருக்கும், பதிவேடு இருக்காது. எழுதிய மெஷினுக்குத் தான் எழுதியது தெரியும், அது ஓட்டும். வேறு பிளேயரில் போட்டால் பெரும்பாலும் ‘நோ டிஸ்க்’ என்றுதான் வரும்.

இதனால் குடும்பங்களுக்குள் மனக்கசப்பு வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். “ஓடுற டிவிடிதான் அனுப்பினது, நாங்கள் போட்டுப் பாத்துத்தான் அனுப்பினது” என்று அங்கிருந்து கோபம். “வெறும் தட்டை அனுப்பிப்போட்டு கதைக்கினம்” என்று இங்கிருந்து கவலை. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஒரு பொத்தான் அமத்தாததால் தமக்கையும் தம்பியும் எட்டு மாதம் ரெலிபோனில் கதைக்காமல் இருந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். அந்தத் தட்டைக் கணினியில் போட்டு, ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் பதிவேட்டைப் பார்க்காமல் தட்டை அடியிலிருந்து வரிவரியாக வாசித்து எடுத்தால் படம் முழுதும் வரும். அப்படித்தான் அந்த வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தேன். அன்று இரவே தம்பிக்கு அழைப்பு எடுத்திருக்கிறார்கள்.

மற்றக் காரணங்கள் சின்னவை. டிவிடியில் கழித்தல் குறி போட்ட ‘ஆர்’ 1997இலும், கூட்டல் குறி போட்ட ‘ஆர்’ 2002இலும் வெவ்வேறு கம்பனிக் கூட்டணிகளால் சந்தைக்கு வந்தவை. பழைய பிளேயர்கள் கூட்டல் தட்டை அறியாது. அழித்து எழுதுகிற ‘ஆர்டபிள்யூ’ தட்டு மற்றதைவிட ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லென்ஸ் களைத்த பிளேயருக்கு அது தெரியவே தெரியாது. இப்போது பிள்ளைகள் எம்பி4 கோப்பை அப்படியே டிவிடியில் ஏற்றித் தருகிறார்கள்; அது கணினிக்கு விளங்கும், பத்து வருடப் பிளேயருக்கு விளங்காது. சீடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால், இரண்டுக்கும் வேறு வேறு லேசர், அதில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

தூசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் மண்ணின் சங்கதி. கிரவல் வீதியோர வீடுகளில் திறக்கிற ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் செம்மண் பவுடர் மாதிரிப் படிந்திருக்கும். அந்த லென்ஸ் ஒரு பயற்றம் விதையளவுதான். அதில் தூசி ஏறினால் நல்ல தட்டையும் பழுது என்றே சொல்லும். ஐசோபுரொபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்தால் பாதிப் பேரின் கவலை தீரும். தட்டைத் துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தகவல் வட்டமாக எழுதியிருக்கிறது. குறுக்கே விழுகிற கீறலை பிளேயர் சமாளிக்கும், வட்டத்தோடு போகிற கீறலை அதனால் சமாளிக்க முடியாது. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாண்ட பிறகு, சேற்றோடு தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டேன். பெரும்பாலும் எல்லாம் ஓடின. தண்ணீர் அவ்வளவு பகையில்லை. வெய்யில்தான் பகை. தகரக் கொட்டிலின் வளைக்குள் செருகி வைக்காதீர்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அதற்குப் பிந்திய மாதங்களில் ஒரு தாய் என் கடைக்கு வந்தார். கையில் கனடாவிலிருந்து வந்த ஒரு டிவிடி, மகளின் கலியாணம். மகனுடைய படம் வீட்டில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம்கூட இல்லை. போராட்டக் கொட்டகையில் எல்லாரும் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், தன்னிடம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்றார். அந்தக் கலியாணத்தில் மகன் இருக்கிறான் என்று அவருக்கு நிச்சயம். ஆனால் தட்டு ஓடவில்லை.

பைனலைஸ் செய்யாத தட்டு. எடுத்தேன். இரண்டே முக்கால் மணித்தியாலம். அந்த அம்மாவைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டு முழுவதையும் ஓடவிட்டேன். தாலி கட்டு முடிந்து, பந்தி நடக்கிறது. கமெரா பந்தியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு பொடியன் தண்ணீர்ச் சட்டியோடு குனிந்து ஊற்றிக்கொண்டு வருகிறான். நாலு விநாடி. அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

நாலு விநாடி என்றால் அந்தத் தட்டில் ஏறத்தாழ 120 படம். அதில் அசலாகப் பிடித்தவை நூறு. மீதி, 25ஐ 30 ஆக்குவதற்காக மெஷின் இட்டு நிரப்பியவை. ஒவ்வொன்றாக நிறுத்தினோம். நிறுத்தினால் முகத்தில் சீப்புப் பல்லுப்போலக் கோடு விழும். பழைய வீடியோவில் ஒரு படம் என்பது உண்மையில் இரண்டு அரைப் படம். ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். பொடியன் அசைந்துகொண்டிருந்ததால் இரண்டும் ஒட்டவில்லை. ஒரு அரையை நீக்கி, மற்ற அரையை நிரப்பி எடுத்தேன். தெளிவாக இருந்த ஒன்றைக் காட்டி இதை அச்சடிப்போம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். அதற்கு முன்னால் இருந்த, கொஞ்சம் மங்கலான ஒன்றைக் காட்டினார். அதில் மகன் நிமிர்ந்து மணவறைப் பக்கம், தமக்கையைப் பார்க்கிறான். “இதுதான் அவன்” என்றார்.

அந்தப் படம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். வன்னியில் பிடித்த கசெற்றில், கண்ணுக்குத் தெரிகிற வரி 576. அதை என்ரிஎஸ்சி டிவிடியாக மாற்றும்போது 480 ஆகிறது. ஒரு முகம் திரையில் ஒரு சின்ன இடத்தைத்தான் பிடிக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு வரி போனால் கண் ஒரு கறுப்புப் புள்ளியாகிறது. அசல் கசெற் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டோம். டிவிடி அடித்தாயிற்று, இனி எதற்கு என்று கசெற்றை வீடு மாறும்போது எறிந்துவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் நான் இப்போது சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் உறவுகளே, வன்னியிலிருந்து 2002க்கும் 2008க்கும் இடையில் வந்த கசெற் உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தால் அதை எறியாதீர்கள். டிவிடியாக மாற்றியிருந்தாலும் எறியாதீர்கள். மாற்றக் கொடுப்பதென்றால் பால் முறையிலேயே, வரி குறைக்காமல், கோப்பாக எடுத்துத் தரும்படி கேளுங்கள். டிவிடி அனுப்புவதென்றால், எழுதிய மெஷினில் அல்லாமல் வேறொரு பிளேயரில் போட்டுப் பார்த்து அனுப்புங்கள். இன்னொரு கொப்பியைப் பென்றைவிலும் போட்டு விடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம். ஐந்து பிளேயரில் ஓடாத தட்டும் உயிரோடு இருக்கலாம். கடைக்காரர் கையை விரித்தால் தட்டை உறையில் போட்டு, அலுமாரியின் இருட்டில் வையுங்கள்.

ஆனால் இது தனி ஒரு கடைக்காரனால் முடிகிற வேலையில்லை. கசெற் டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பனி, ஜப்பானின் புனாய், 2016 யூலையில் நிறுத்தியது. தபாலில் டிவிடி அனுப்பிப் பெரிதான நெற்பிளிக்ஸ் 2023 செப்ரெம்பர் 29ஆம் திகதி கடைசித் தட்டை அனுப்பியது. இன்று என் கடைக்கு வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மடிக்கணினி எதிலும் தட்டுப் போடுகிற இடமே இல்லை. தட்டு இருக்கும், வாசிக்க ஒன்றும் இருக்காது என்ற காலம் தூரத்தில் இல்லை. அந்தக் காலத்துக்கு முன்னால் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா பொது நூலகங்களில் ஒவ்வொரு மேசை வேண்டும். ஒரு கணினி, இரண்டு வேறு வேறு கம்பனி டிவிடி டிரைவ், ஒரு சீனப் பிளேயர், வேலை செய்கிற ஒரு பால் டெக், பயிற்றப்பட்ட ஒரு பிள்ளை. கிழமையில் இரண்டு நாள் திறந்தால் போதும். பிரதேச சபைகளின் வரவு செலவில் இது பெரிய தொகையில்லை. வாசிகசாலைக்குக் கதிரை வாங்குகிற காசோடு முடிந்துவிடும். பயிற்றுவிக்க நான் சம்பளம் இல்லாமல் வருவேன்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தத் தட்டுகளைக் கொண்டு வருகிற பலர் முதலில் கேட்பது, “இதை வேற ஆரும் பாக்க மாட்டினமோ?” என்பதுதான். கலியாண வீட்டில் யார் யார் வந்து நின்றார்கள், என்ன உடுப்பில் நின்றார்கள் என்பது இன்றைக்கும் சில வீடுகளில் பயத்தோடுதான் நினைக்கப்படுகிறது. ஆகவே உரியவர் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் வேலை நடக்க வேண்டும். முடிந்ததும் தட்டும் கோப்பும் அவருடைய கையில். கணினியில் ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. பொதுவில் வைக்கலாம் என்று மனமுவந்து, எழுத்தில் தருகிறவர்களின் பதிவுகள் இருந்தால், 2005இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருகிற நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் அவர்களிடம் இடமுண்டு. யாழ்ப்பாண நூலகம் எரிந்த இனத்துக்கு அந்த வேலையின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சாதாரண வீட்டுக் கலியாணம் வீட்டுக்கே உரியது. அதை நாங்கள் தொட்டது, திருப்பிக் கொடுக்கத்தான்.

விசுவமட்டுத் தோட்டத்துக்குத் திரும்பப் போனேன். வெளுத்த தட்டைக் கொடுத்து, வரவில்லை அண்ணை என்றேன். அவர் அதை வாங்கி, எழுத்து இருந்த பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே சாமித் தட்டில் வைத்தார். அங்கிருந்தே கனடாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தோம். சித்தப்பாவின் மகன் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நாலாம் நாள் எனக்கே எடுத்தார். கசெற் இருக்கிறதாம், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள். அங்கே மாற்றக் கொடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர் முல்லைத்தீவுக்கு வருகிறார்; கைப்பொதியில் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் பால் டெக்கின் றப்பர் பெல்ற் ஒன்று இளகிப் போய்விட்டது. வவுனியாவில் இரண்டு கடையில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.